துளை விழுந்த கப்பலும் நல்லெண்ணமும்

 



நம் வீடுகளில் "என்ன பொழப்பு இது!" என்ற சொல் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுகிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் தண்ணீர் லாரி வரத் தாமதமானால் ஒரு தடவை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழியில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று பாதையை அடைத்துக் கொண்டால் ஒரு தடவை. காயப்போட்ட துணியில் கரித்தூசி படிந்தால் ஒரு தடவை. மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நின்றால் ஒரு தடவை. இரவில் தலையணையில் தலை சாய்த்ததும், பகலில் நடந்ததையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்து இன்னொரு தடவை!

இவையெல்லாம் கஷ்டங்கள்தாம். சாத்தாங்காட்டிலும் மணலியிலும் எர்ணாவூரிலும் எண்ணூரிலும் குடியிருப்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் மார்க்கமும் இவற்றைக் கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. பயத்தாலும், பசியாலும், பொருள், உயிர், விளைச்சல் ஆகியவற்றின் இழப்பாலும் அடியார்களைச் சோதிப்பதாக அல்லாஹ் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் முன்கூட்டியே அறிவித்துவிட்டான். அந்த வசனத்தில் 'பிஷையின்' என்று ஒரு சொல் வருகிறது. 'ஏதோ சிறிதளவு' என்பது அதன் கருத்து. சோதனை உண்டு, ஆனால் அது அளந்து தரப்படுகிற சோதனை என்று முஃபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் தருவார்கள்.

அப்படியானால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே தெரு. ஒரே தண்ணீர் லாரி. ஒரே தூசி. ஒரு வீட்டில் அது சண்டையாக மூளுகிறது, பாத்திரம் உருளுகிறது, பிள்ளை அடி வாங்குகிறான். அடுத்த வீட்டிலோ, "பரவாயில்லை, நேற்றுப் பிடித்து வைத்ததில் இன்னும் இரண்டு குடம் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்!" என்ற பேச்சோடு அது கடந்து போகிறது. கஷ்டம் ஒன்று, வீடுகள் இரண்டு. வேறுபாடு எண்ணத்தில் இருக்கிறது.

தன்னைப் பற்றி அடியான் எவ்வாறு எண்ணுகிறானோ அவ்வாறே தான் அவனிடம் நடந்து கொள்வதாக அல்லாஹ் கூறுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு எடுத்துரைத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிதாபுகளிலும் இடம்பெற்றுள்ள ஹதீஸ் இது. இறைவனைப் பற்றிய இந்த நல்லெண்ணத்திற்கு 'ஹுஸ்னுழ்ழன்' என்று பெயர். இது மனத்துக்கு இதம் தரும் பேச்சு மட்டுமல்ல. ஈமானைச் சேர்ந்த ஒரு காரியம். ஆனால் இந்த நல்லெண்ணத்தை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏழைகளின் கப்பல்

வெள்ளிக்கிழமை தோறும் நம்மில் பலர் ஓதுகிற கஹ்ஃபு சூராவில் ஒரு கப்பலின் செய்தி வருகிறது. கடலில் உழைத்துப் பிழைக்கும் சில ஏழைகளுக்குச் சொந்தமான கப்பல் அது. நபி மூஸா (அலை) அவர்களும் ஹிழ்று (அலை) அவர்களும் அதில் ஏறிச் செல்கிறார்கள். போகும்போதே ஹிழ்று (அலை) அவர்கள் கப்பலில் துளையிட்டு விடுகிறார்கள். மூஸா (அலை) அவர்கள் திடுக்கிட்டு, ஏறியிருப்பவர்களை மூழ்கடிக்கவா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பின்னர்தான் காரணம் தெரிகிறது. அப்பகுதியில் ஓர் அரசன் நல்ல கப்பல்களையெல்லாம் பலவந்தமாகப் பறித்துக் கொண்டிருந்தான். குறையுள்ள கப்பலை அவன் தொடமாட்டான். துளை விழுந்ததால் அந்த ஏழைகளின் பிழைப்பு தப்பியது.

அந்த ஏழைகளின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். அவர்களின் கண்ணில் பட்டது துளை ஒன்றுதான். அரசனை அவர்கள் பார்க்கவில்லை. அன்று இரவு அவர்களின் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும்? "நாம யாருக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றுதான் இருந்திருக்கும். இராயபுரம், காசிமேடு பகுதிகளில் படகை நம்பிப் பிழைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். படகில் ஓட்டை விழுவது என்பது அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

நம் வாழ்க்கையிலும் துளை கண்ணுக்குத் தெரிகிறது; அரசன் தெரிவதில்லை. முடிவாகிவிட்டது என்று நினைத்த சம்பந்தம் தட்டிப் போகிறது. வளைகுடாவுக்குப் போவதற்கான விசா கடைசி நேரத்தில் நின்றுவிடுகிறது. கடைக்குப் பார்த்து வைத்த இடம் வேறொருவர் கைக்குப் போகிறது. இதற்குள்ளே என்ன நன்மை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பல சமயங்களில் மவ்த்து வரைக்கும் தெரியாமலே போகலாம். தெரியவில்லை என்பதாலேயே நன்மை இல்லை என்று முடிவு கட்டி விடாதிருப்பதுதான் ஹுஸ்னுழ்ழன். "ரப்பு என்னைக் கைவிட்டுவிட்டான்" என்று சொல்ல நாவு எழும்போது, அந்தக் கப்பலை நினைத்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சலும் இரும்பும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நல்ல சொல்லை விரும்புவார்கள். அபசகுனம் பார்ப்பதை வெறுப்பார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் மக்காவாசிகளோடு பேச்சுவார்த்தை இழுபறியாக இருந்த நேரம். எதிர்த்தரப்பிலிருந்து சுஹைல் என்பவர் பேச வந்தார். 'சஹ்ல்' என்றால் இலேசு. அந்தப் பெயரைக் கொண்டே, உங்கள் காரியம் இலேசாகிவிட்டது என்ற கருத்தில் தோழர்களுக்கு நற்செய்தி கூறினார்கள் பெருமானார் அவர்கள்.

அதே 'சஹ்ல்' என்ற சொல்லோடு இன்னொரு சம்பவமும் உண்டு. மதீனாவின் பேரறிஞர் சயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு 'ஹஸ்ன்' என்று பெயர். கரடுமுரடான நிலம் என்பது பொருள். நபியவர்கள் அவரை இனி 'சஹ்ல்' என்று இருக்கும்படிச் சொன்னார்கள். தகப்பனார் வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை என்று பேரர் சயீத் (ரஹ்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி இது. ஒரு காரியத்துக்கு நாம் எந்தப் பெயரைச் சூட்டுகிறோமோ, அதன் சாயல் நம் வாழ்வில் படிகிறது என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம். பிள்ளையை "தரித்திரம்" என்று திட்டுகிற தாய்மார்களும், கடையை "முடங்கிப் போன கடை" என்றே சொல்லிக் கொண்டிருக்கும் வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

உம்முஸ் ஸாயிப் (ரலி) என்ற பெண்மணி காய்ச்சலில் நடுங்கிக் கொண்டிருந்தார்கள். நபியவர்கள் வந்து விசாரித்தபோது, அந்தக் காய்ச்சலில் பரக்கத்தே இல்லாமல் போகட்டும் என்று சலித்துச் சொன்னார்கள். அதற்கு நபியவர்கள், காய்ச்சலைத் திட்ட வேண்டாம் என்றும், கொல்லனின் உலை இரும்பின் கசடைப் போக்குவதைப் போல அது மனிதனின் பாவங்களைப் போக்குகிறது என்றும் விளக்கினார்கள்.

சாத்தாங்காட்டு மக்களுக்கு இந்த உவமையை விளக்கவும் வேண்டுமா? ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைப்பதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகு அங்காடி நம் ஊரில்தான் இருக்கிறது. கம்பியும் தகடும் லாரி லாரியாக நம் கண் முன்னே ஏறி இறங்குகின்றன. கட்டடத்தைத் தாங்குகிற அந்தக் கம்பி நெருப்பைக் காணாமல் வந்ததா? உலைக்குள் போகும்போது அதற்கு நாவு இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? "என்னை அழிக்கிறார்கள்" என்றுதான் அலறியிருக்கும். ஆனால் அங்கே அழிந்தது கசடு, மிஞ்சியது வலிமை.

இதையும் தவறாக விளங்கிக் கொள்ளக் கூடாது. காய்ச்சல் பாவத்தைப் போக்குகிறது என்பதற்காக மருந்து சாப்பிடாமல் கிடக்கச் சொல்லவில்லை. மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபியவர்கள்தாம். உடலின் காய்ச்சலைப் போலவே மனத்தின் நோய்க்கும் இதுவே சட்டம். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாட்டில் நாட்டமில்லாமல், தொழுகையில் நின்றாலும் இருள் விலகாமல் தவிக்கிற ஒருவரை "ஈமான் பலவீனம்" என்று ஏசி ஒதுக்குவது பாவம். அவருக்குத் துஆவும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

'பிறகு' அல்ல, 'உடன்'

திருமறையின் 94ஆம் அத்தியாயத்தில், கஷ்டத்துடன் இலேசு இருக்கிறது என்ற செய்தியை அல்லாஹ் அடுத்தடுத்து இரண்டு முறை கூறுகிறான். மதரஸாவில் நஹ்வு படிக்கிற பிள்ளைகளுக்கு உஸ்தாதுமார்கள் இங்கே நிறுத்தி ஒரு பாடம் நடத்துவார்கள். கஷ்டத்தைக் குறிக்கும் 'அல்உஸ்ர்' என்ற சொல் இரண்டு இடத்திலும் 'அல்' சேர்ந்து வருகிறது. எனவே இரண்டும் ஒரே கஷ்டத்தைத்தான் குறிக்கும். இலேசைக் குறிக்கும் 'யுஸ்ர்' என்ற சொல் இரண்டு இடத்திலும் 'அல்' இல்லாமல் வருகிறது. எனவே அவை இரண்டு வெவ்வேறு இலேசுகள். ஆக, ஒரு கஷ்டத்துக்கு இரண்டு இலேசு!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'மஅ' என்ற சொல்லுக்கு 'உடன்' என்று பொருள். கஷ்டம் முழுவதும் தீர்ந்த 'பிறகு'தான் இலேசு வரும் என்றிருந்தால், அதுவரை பல்லைக் கடித்துக் கொண்டு காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. 'உடன்' என்று சொல்லப்பட்டதால், கஷ்டம் இருக்கிற இடத்திலேயே, அது இருக்கும் போதே, இலேசும் எங்கோ இருக்கிறது; தேடிப் பார்க்க வேண்டியது நம் வேலை.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது இதைக் கண்ணாரக் கண்டோம். பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. தொழுகை விரிப்புகளில் பசித்த குடும்பங்கள் படுத்து உறங்கின. தண்ணீர் வடிந்ததும் முஸ்லிம் இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களையும் கழுவிக் கொடுத்தார்கள். பல ஆண்டுகளாக ஒரே தெருவில் இருந்தும் பெயர் தெரியாதிருந்த அண்டை வீட்டார் அந்தச் சில நாட்களில் சொந்தக்காரர்களானார்கள். வெள்ளம் நல்லது என்று இதற்குப் பொருளில்லை. வெள்ளத்துடன் ஒரு நன்மையும் வந்தது. கண் திறந்திருந்தவர்கள் அதைக் கண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு பெரியவரின் கேள்வி

இந்தக் கருத்தில் பேசிய ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, ஒரு பெரியவர் வாசலில் நிறுத்தி, "ஹஜ்ரத், எல்லாத்திலயும் நன்மை இருக்குன்னு சொல்றீங்க. எங்க வீட்டுச் சுவத்துல எண்ணெய்க் கறை இன்னும் போகல. என் மருமவன் வேலை பார்த்த படகு மூணு வாரம் கரையிலேயே கெடந்துச்சு. இதையும் நல்லதுன்னு நெனச்சுக்கணுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இப்பகுதியைச் சேராத வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின் பெருமழையில் வடசென்னை மூழ்கியது. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியான எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வீட்டுச் சுவர்கள் கறுத்தன. படகும் வலையும் எண்ணெயில் ஊறின. மீனவர்கள் வாளியையும் குவளையையும் கொண்டு எண்ணெயை மொண்டெடுத்த காட்சியை நாடே பார்த்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு இருட்டில் ஓடினார்கள். 2004இல் சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26தான் என்பதை இக்கடற்கரை மறக்கவில்லை.

மழை அல்லாஹ்விடமிருந்து வந்தது. அதில் நமக்கு முறையீடு இல்லை. ஆனால் மழையோடு கலந்த எண்ணெய்? அது மனிதர்களின் கைகள் காக்கத் தவறிய பொருள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "எல்லாம் தக்தீர், ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? தவறு செய்தவன் தக்தீரின் நிழலில் ஒளிந்து கொள்வான். பாதிக்கப்பட்டவன் பேசவும் வெட்கப்படுவான். மார்க்கம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

அந்தக் கப்பலின் செய்தியையே மீண்டும் பாருங்கள். துளையிட்டது சரியா என்று மூஸா (அலை) அவர்கள் தட்டிக் கேட்டார்கள் அல்லவா? ஷரீஅத்தின் படி கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். ஹிழ்று (அலை) அவர்களோ அல்லாஹ்வின் கட்டளைப்படி செய்தவர்கள். தம் விருப்பத்தில் எதையும் செய்யவில்லை என்று அவர்களே கூறியதைத் திருமறை எடுத்துச் சொல்கிறது. அந்த ஞானம் நமக்குக் கிடையாது. எந்த ஆலைக்கும், எந்த அதிகாரிக்கும் கிடையாது. எனவே ஏழையின் படகில் துளையிட்டுவிட்டு, "இதிலும் நன்மை இருக்கும்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நல்லெண்ணம் அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டியது. அநியாயத்தின் மீது வைக்க வேண்டியதல்ல.

ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து அண்டை வீட்டுக்காரரின் தொல்லையை முறையிட்டார். போய் ஸப்ரு செய்யுங்கள் என்றார்கள். இரண்டு மூன்று தடவை வந்து முறையிட்டபோது, உம்முடைய சாமான்களைத் தூக்கி வழியில் போடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் அப்படியே செய்தார். போவோர் வருவோர் எல்லாம் என்ன ஏது என்று கேட்டுத் தொல்லை கொடுத்தவரைச் சபித்தார்கள். அவரே ஓடி வந்து, "வீட்டுக்குத் திரும்புங்கள், இனி என்னால் தொந்தரவு வராது" என்றார். அபூதாவூதில் வருகிற இந்த ஹதீஸ் எவ்வளவு பெரிய பாடம்! கை நீட்டவில்லை, கல் எறியவில்லை, வீட்டைக் கொளுத்தவில்லை. ஆனால் அநியாயத்தை ஊரறியச் செய்தார்கள். தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீடு அதற்கு விலக்கு என்பது திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் உள்ள சட்டம்.

எனவே மனு எழுதுவதும், வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்பதும், தீர்ப்பாயத்தின் படியேறுவதும், நியாயமான நிவாரணத்தைக் கேட்டு வாங்குவதும் ஸப்ருக்கு எதிரானவை அல்ல. ஷாமுக்குப் புறப்பட்ட ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று கேள்விப்பட்டு வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கித்தான் செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். கசிவு ஏற்பட்டது விதி என்றால், அதை அடைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதும் விதிதான்!

அப்படியானால் அந்தப் பெரியவருக்கு நல்லெண்ணத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இருக்கிறது. அல்லாஹ் நம்மைக் கைவிட்டான் என்று எண்ணுகிறவன் இரண்டு நாள் கத்திவிட்டு மூன்றாம் நாள் சுருண்டு படுத்துவிடுவான். அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கிறான், இதற்குக் கூலி உண்டு, இதற்கு ஒரு வழியும் உண்டு என்று எண்ணுகிறவன்தான் பத்தாவது மனுவையும் எழுதுவான். நல்லெண்ணம் கையைக் கட்டிப் போடுவதில்லை. கைக்குத் தெம்பு தருகிறது.

யஃகூப் (அலை) காட்டிய வழி

இதற்குச் சிறந்த முன்மாதிரி நபி யஃகூப் (அலை) அவர்கள். அருமை மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பறிகொடுத்தபோது, அழகிய பொறுமையே தம் வழி என்றார்கள். அவர்கள் அழவில்லையா? அழுதார்கள், கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுதார்கள். தம் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அதோடு நின்றார்களா? போய் யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பி வைத்தார்கள். கண்ணீர், துஆ, முயற்சி, நல்லெண்ணம் ஆகிய நான்கும் ஒரே நபியிடத்தில், ஒரே நேரத்தில் இருந்தன. அழகிய பொறுமை என்பது இந்த நான்கும் சேர்ந்ததுதான்.

துன்பத்தில் இருப்பவரிடம் பேசும்போது

சகோதரர்களே! இங்கே ஓர் எச்சரிக்கை. நல்லெண்ணம் என்பது நமக்கு நாமே சொல்லிக் கொள்ள வேண்டிய பாடம். அடுத்தவர் அழும்போது அதைச் சொற்பொழிவாக அவர் தலையில் கொட்டக் கூடாது.

நபியவர்கள் நோயுற்றிருந்த ஒரு கிராமவாசியைப் பார்க்கச் சென்றார்கள். கவலை வேண்டாம், இது பாவங்களைத் தூய்மையாக்கும், இன்ஷா அல்லாஹ், என்று ஆறுதல் கூறினார்கள். அவரோ, இது முதியவரைக் கொதிக்கச் செய்து கப்ரில் சேர்க்கிற காய்ச்சல் என்று மறுத்துச் சொன்னார். அப்படியே ஆகட்டும் என்று நபியவர்கள் கூறிவிட்டார்கள். கிடைத்த நற்செய்தியை அவர் தட்டிவிட்டது அவருக்கு நஷ்டம். ஆனால் நபியவர்கள் அவரோடு வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். தம் குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது தாமும் கண்ணீர் விட்டார்கள். ரப்புக்குப் பொருந்தாத சொல்லை மட்டும் சொல்லவில்லை. ஆகவே மய்யித்து வீட்டிலும், நோயாளியின் கட்டிலருகிலும், வேலை போனவரின் வாசலிலும், முதலில் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டு போங்கள். பணத்தால் முடிந்தால் பணம், இல்லையேல் உடல் உதவி. "எல்லாம் நன்மைக்கே" என்ற சொல்லை அவரே சொல்லும் நாள் வரும். அதுவரை நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

வீட்டில் பழக வேண்டியவை

முதலாவது, கஷ்டம் வந்த அந்த முதல் நொடியில் நாவைக் காத்துக் கொள்வது. ஸப்ரு என்பது முதல் அடியின் போது காட்டுவதுதான் என்று, கப்ரருகே அழுத ஒரு பெண்மணிக்கு நபியவர்கள் போதித்தார்கள். கரண்ட் போனாலும், பால் திரிந்தாலும், முதலில் வருவது 'இன்னாலில்லாஹி'யாகவோ 'அல்ஹம்துலில்லாஹ்'வாகவோ இருக்கட்டும். பிள்ளைகள் நம் பிரசங்கத்தைக் கேட்பதில்லை. பால் திரிந்தபோது உம்மா என்ன சொன்னாள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, 'லவ்' என்ற சொல்லை விடுவது. 'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே' என்று நடந்து முடிந்ததைக் கிளறுவது ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. அதே ஹதீஸில், பயன் தருவதில் ஆர்வம் காட்டும்படியும், அல்லாஹ்விடம் உதவி தேடும்படியும், தளர்ந்துவிடாதிருக்கும்படியும் கட்டளை இருக்கிறது. நேற்றைக்கு 'லவ்' வேண்டாம். நாளைக்கு முயற்சி வேண்டும்.

மூன்றாவது, உலக விஷயத்தில் நம்மைவிடக் கீழே உள்ளவரைப் பார்ப்பது. மேலே உள்ளவரைப் பார்த்துக் கொண்டேயிருந்தால் அல்லாஹ்வின் நிஃமத் நம் கண்ணுக்கு அற்பமாகிவிடும் என்பது நபிமொழி. இந்தக் காலத்தில் செல்போனைத் திறந்தால் மேலே உள்ளவர்கள் மட்டுமே தெரிகிறார்கள். அதை மூடிவிட்டு ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் யாரேனும் ஒரு நோயாளிக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைய இரவு சாப்பாடு வேறு ருசியாக இருக்கும்.

நான்காவது, இழந்ததைவிடச் சிறந்ததை அல்லாஹ்விடம் கேட்பது. கணவர் அபூஸலமா (ரலி) அவர்கள் மவ்த்தானபோது, நபியவர்கள் கற்றுத்தந்த இந்த துஆவை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஓதினார்கள். ஓதும்போதே, அபூஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று அவர்களின் உள்ளம் கேட்டது. ஆயினும் ஓதினார்கள். பின்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அவர்களை மணந்து, முஃமின்களின் அன்னையாக்கினார்கள். மனம் நம்பத் தயங்கும் போதும் நாவு கேட்கலாம். அதற்கும் அல்லாஹ் பதிலளிக்கிறான் என்பதற்கு அன்னையவர்கள் சாட்சி.

அன்பர்களே! தண்ணீர் லாரி நாளையும் தாமதமாகலாம். சாலையில் கண்டெய்னர் நாளையும் நிற்கும். அவற்றைச் சரி செய்யும்படி கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம், உரத்தும் கேட்போம், ஒன்று சேர்ந்தும் கேட்போம். ஆனால் அவற்றைக் காரணம் காட்டி நம்மைப் படைத்தவனைப் பற்றித் தவறாக எண்ணாதிருப்போம். முஃமினுடைய காரியம் ஆச்சரியமானது. இன்பம் வந்தால் ஷுக்ரு செய்கிறான், துன்பம் வந்தால் ஸப்ரு செய்கிறான், இரண்டுமே அவனுக்கு நன்மையாகிவிடுகின்றன என்பது நபியவர்கள் நமக்கு விட்டுச் சென்ற நற்செய்தி.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் உன்னைப் பற்றிய நல்லெண்ணத்தை நிலைபெறச் செய்வாயாக! எங்கள் காற்றையும் தண்ணீரையும் பிழைப்பையும் தீங்கிலிருந்து காப்பாயாக! அநியாயத்தைக் கண்டால் நியாயமான வழியில் பேசும் துணிவையும், துயரத்தில் இருப்பவரிடம் இதமாக நடக்கும் பண்பையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் ஒவ்வொரு கஷ்டத்துடனும் நீ வைத்திருக்கும் இலேசை எங்கள் கண்களுக்குக் காட்டித் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!